பள்ளியில் பண்டிகை: யாருக்கு விடுமுறை, யாருக்கு ஆப்சென்ட்?

கேள்வி: கடலோர ஊர் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்து ஒரு வருடம் ஆகிறது. 168 பிள்ளைகள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். போன அக்டோபரில், எனக்கு முன்பு இருந்தவர்கள் செய்த வழக்கப்படியே, ஆயுத பூஜைக்கு முதல் நாள் வகுப்பறைகளைக் கழுவி, போர்டுக்கும் மணிக்கும் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பொரி கடலை கொடுத்தோம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒரு தந்தை எழுந்து, ‘அரசுப் பள்ளிக்கூடத்தில் பூஜை எதற்கு?’ என்று கேட்டார். உடனே இன்னொருவர், ‘காலங்காலமாக நடப்பதை நிறுத்தினால் நடப்பதே வேறு’ என்றார். மார்ச் மாதம் வேறொன்று. ரம்ஜான் நோன்பின் 27-ஆம் இரவு தொழுகைக்காக விழித்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அன்றைய வகுப்புத் தேர்வு போனது. அவளுக்கு அந்த வருடத்தில் அது ஒன்றுதான் ஆப்சென்ட். ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைப் பரிசும் போனது. அவள் தகப்பனார் சண்டை போடவில்லை. ‘சரி டீச்சர்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் சாமி கும்பிடுகிறவள்; யாரையும் புண்படுத்த விருப்பமில்லை. வரும் ஜூனிலிருந்து ஆயுத பூஜை, பொங்கல், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாடத்தை மட்டும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சண்டை ஓய்ந்துவிடும் என்று தோன்றும். ஓயாது. ‘அந்த ஆள் வாயைத் திறந்ததால் பொங்கலும் போச்சு’ என்று டீக்கடையில் பேசுவார்கள். அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அவருடைய பிள்ளையின் தலையில்தான் விழும்.

ஆயுத பூஜை விஷயத்தில் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு. நானும் செய்தவள். 34 வருட வேலையில் 11 வருடம் தலைமையாசிரியையாக இருந்தேன். அதில் முதல் நான்கு வருடம் நீங்கள் எழுதியிருக்கிற மாதிரியேதான், ஒரு படி மேலே போய் வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, தடபுடலாக நடந்தது. பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ‘இஷ்டமில்லாதவர்கள் வெளியே இருக்கலாம்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவேன். நான்காவது வருடம் சூடத்தட்டோடு வராந்தாவுக்கு வந்தபோது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ‘டீச்சர், நான் எப்ப உள்ள வரலாம்?’ என்று கேட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டாள். அன்று காலையில் அந்த வகுப்பறைக்குத் தண்ணீர் தூக்கிக் கழுவியதில் அவள் கையும் உண்டு. கழுவும்போது உள்ளே இருந்தவள், சூடம் காட்டும்போது வெளியே.

அடுத்த வருடம் சூடம் இல்லை.

அந்தத் தந்தை கேட்டது குதர்க்கம் என்று நினைக்காதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அதன் மூன்றாவது உட்பிரிவு இன்னும் நேரடியானது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியிலும், ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது; சிறு பிள்ளையானால் பெற்றவரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். ‘பூஜை எப்படிம்மா போதனை ஆகும்?’ என்று சாமர்த்தியமாகக் கேட்பவர்கள் உண்டு. உட்பிரிவு வழிபாட்டையும் சேர்த்தே சொல்கிறது. அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று 1968-லேயே, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுற்றறிக்கை போனது. இன்றைக்கு எத்தனை அலுவலகத்தில் படமும் பூவும் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வழக்கம் ஒரு பக்கம் ஓடும், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். ஆனால் ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால் அந்த எழுத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவுதான் பிள்ளைக்குத் தன் மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையைக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பள்ளிக்கூடம் சாமி கும்பிடக் கூடாது, பிள்ளை கும்பிடலாம். உங்கள் பள்ளியில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. பள்ளி பூஜை செய்தது. பிள்ளை தொழுததற்குப் பரிசு போனது. உங்கள் இரண்டு சங்கடமும் ஒரே சங்கடம்தான்.

கேரளத்தில் 1985-ல் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், நாட்டுப்பண் பாடும்போது ஒழுங்காக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நம் மரபும் தத்துவமும் சகிப்புத்தன்மையைச் சொல்லித் தருகின்றன, நம் அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போக விட வேண்டாம் என்று முடித்தார். தலைமையாசிரியருக்கு அதில் ஒரு நடைமுறை அளவுகோல் இருக்கிறது. மரியாதையைக் கேட்கலாம், வாயைத் திற என்று கேட்க முடியாது. நாட்டுப்பண்ணுக்கே இப்படி என்றால் சூடத்துக்கு என்ன சொல்வது? நாம் தினமும் காலையில் ‘பிரேயர்’ என்று சொல்கிறோமே, அதில் பிரேயரே கிடையாது, பார்த்திருக்கிறீர்களா? தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி, நாட்டுப்பண். பெயர் மட்டும் பழைய நாளிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது.

சரி, இந்த அக்டோபரில் என்ன செய்வது? கழுவுவதை விடாதீர்கள். வருடத்தில் பீரோவுக்குப் பின்னால் துடைப்பம் போகிற ஒரே நாள் அதுதான். அதற்குத் ‘தூய்மை நாள்’ என்று புதுப் பெயர் சூட்டவும் வேண்டாம். பெயரை மாற்றினால்தான் ஊருக்குக் கோபம் வரும். விடுமுறைக்கு முந்தின நாள், பள்ளியைச் சுத்தம் செய்கிறோம், பொரி கடலை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவுதான். படம், சூடத்தட்டு, மந்திரம், பிள்ளைகளிடம் பத்து ரூபாய் வசூல், இதெல்லாம் வேண்டாம். பொரியைப் படைக்காமல் கொடுங்கள். படைத்ததைச் சில வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்; டீச்சர் கொடுத்ததை வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், வாயில் போடவும் முடியாமல், கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். அதே சமயம், சத்துணவு ஆயா தன் அடுப்புக்கு ஒரு பொட்டு வைத்தால் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போகாதீர்கள். வண்டிக்குப் பூ வைத்துக்கொண்டு வருகிற சாரையும் விட்டுவிடுங்கள். சட்டம் பேசுகிறவர் அடுப்பும் அரசு அடுப்புதானே என்பார். என்பதுதான், ஆனாலும் நான் விட்டேன்.

அப்புறம் விஜயதசமி. அது அரசு விடுமுறை நாள். ஆனாலும் அன்றைக்குத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்க்கை நடத்தச் சொல்லி நம் துறையே பல வருடங்களில் உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்குச் சேர்த்தால் படிப்பு வரும் என்று தாய் நம்புகிறாள். நாம் கதவைத் திறந்து வைத்து, துறையின் மாணவர் பதிவில் எமிஸ் எண் போட்டுக் கொடுக்கிறோம். படிவத்தில் நெல்லில் ‘அ’ எழுதினாயா என்று கேட்கும் கட்டம் கிடையாது. என் பள்ளியில் ‘நல்ல நாளுன்னு சொல்றாங்களே’ என்று விஜயதசமியன்று பேரனைக் கூட்டி வந்து சேர்த்த முஸ்லிம் பாட்டியும் உண்டு.

இனி அந்தச் சிறுமி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது பூஜை இல்லை, இதுதான்.

தமிழ்நாட்டில் விடுமுறைப் பட்டியல் ஒன்றும் கஞ்சத்தனமானது இல்லை. தைப்பூசம்கூட 2021-லிருந்து சேர்ந்துவிட்டது. ஒரு மதத்தாரின் நாளுக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். கோட்டாறு சவேரியாருக்கு டிசம்பர் 3-ல் குமரி மாவட்டம், பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5-ல் தூத்துக்குடி, கந்தூரிக்கு நாகை, அழகர் ஆற்றில் இறங்கினால் மதுரை, தீபத்துக்குத் திருவண்ணாமலை என்று கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவார். கடைசியில் ‘செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது’ என்று ஒரு வரி இருக்கும். பேங்க் திறந்திருக்கும் என்று அதற்கு அர்த்தம். இந்த நாட்களில் யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை. பட்டியலில் இல்லாத நாளில்தான் பிரச்சினை. மகா சிவராத்திரி மாநிலப் பட்டியலில் கிடையாது, கார்த்திகை தீபம் கிடையாது, கிறிஸ்தவர்களின் சாம்பல் புதன் கிடையாது, முஸ்லிம்கள் இரவு விழித்துத் தொழும் ஷபே பராத் கிடையாது, 27-ஆம் இரவுக்கு மறுநாளும் கிடையாது.

தெற்கே சிவராத்திரிக்குப் பாதி வகுப்பு குலதெய்வம் கோயிலுக்குப் போய்விடும். அப்போது நாம் கோபித்துக்கொள்கிறோமா? ‘இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க’ என்று சொல்லி, வந்த நான்கு பிள்ளைகளுக்கு வரைபடம் கொடுத்து உட்கார வைக்கிறோம். அன்றைக்குப் புதுப் பாடம் எடுப்பதில்லை, தேர்வும் வைப்பதில்லை. பாதி வகுப்பு வராவிட்டால் அது திருவிழா. ஒரு பிள்ளை மட்டும் வராவிட்டால் அது ஆப்சென்ட். நம் பதிவேடு தலை எண்ணிக்கையைப் பார்த்து இரக்கப்படுகிறது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நமக்கு அரசு வருடத்துக்கு மூன்று நாள் மத விடுப்பு, அதாவது ஆர்.எல்., தருகிறது. ஆர்.எல். எடுக்காத டீச்சர் யாராவது உண்டா? நவம்பர், டிசம்பர் வந்தால் ‘எனக்கு இன்னும் ரெண்டு ஆர்.எல். பாக்கி’ என்று பட்டியலைத் தேடுவோம். நம்மில் பாதிப் பேருக்கு ஷபே பராத் என்றைக்கு வருகிறது என்று தெரிவதே ஆர்.எல். பட்டியலைப் பார்த்துத்தான். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டியிருக்கிறேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் உண்மையிலேயே இரவெல்லாம் தொழுதுவிட்டு விடியற்காலையில் கண் அயர்ந்த 11 வயதுப் பிள்ளையிடம் கணக்குப் பார்க்கிறோம்.

அந்த மூன்று நாளைப் பிள்ளைக்கும் கொடுங்கள். பதிவேட்டில் கை வைக்கச் சொல்லவில்லை. வராத பிள்ளை வரவில்லைதான். வருகைப் பதிவுச் செயலியிலும் அப்படியேதான் ஏற வேண்டும். ஆனால் வருகைப் பரிசு உங்கள் பள்ளியின் பரிசு, அதன் விதி உங்கள் கையில். ‘பண்டிகை, நேர்ச்சை, குலதெய்வ வழிபாடு காரணமாகப் பெற்றோர் முன்பே எழுதிக் கொடுத்து எடுக்கும் மூன்று நாட்கள் வரை பரிசுக்குக் கணக்கில் எடுக்கப்படாது; அன்று நடந்த வகுப்புத் தேர்வு ஒரு வாரத்துக்குள் மறுபடி வைக்கப்படும்’ என்று மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். நோட்டில் பெற்றோர் கையெழுத்தோடு ஒரு வரி போதும். எழுதத் தெரியாதவர் நேரில் சொன்னாலும் போதும். ‘உங்க மார்க்கத்துல இது கட்டாயமா?’ என்று மட்டும் விசாரிக்காதீர்கள். சிவராத்திரிக்கு ஊருக்குப் போகிற பிள்ளையிடம் எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று கேட்கிறோமா? சொல்லப்போனால் நூறு சதவீதப் பரிசே எனக்குப் பிடிக்காது. காய்ச்சல் பிள்ளையைப் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

தேர்வுத் தேதி விஷயத்தில் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஆபீஸ் ரூமில் தொங்குகிற தினசரி காலண்டரில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பண்டிகைகள் என்று மூன்று பட்டியலும் பொடி எழுத்தில் அச்சிட்டே வருகிறது. ஜூன் முதல் வாரம் ஆசிரியர் கூட்டத்தில் அதைக் கழற்றி மேஜையில் வைத்து, அந்தத் தேதிகளைத் தவிர்த்து வகுப்புத் தேர்வுகளைக் குறித்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. பெருநாள் பிறை பார்த்து வருவது. காலண்டரில் போட்டிருக்கிற தேதிக்கு ஒரு நாள் முன்பின் ஆகும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரு நாள் விட்டு வையுங்கள். துறையே இதைச் செய்திருக்கிறது. 2024 ஏப்ரலில் நான்காம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 10, 12 தேதிகளில் இருந்த ஆண்டுத் தேர்வுகளை ரம்ஜானுக்காக 22, 23-க்குத் தள்ளினார்கள். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை, வெயில்தான் கொஞ்சம் கூடிப்போனது.

நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். இப்போது சில வருடமாக அது நம் தேர்வுக் காலத்தில் நிற்கிறது. 2025-ல் மார்ச் 2-ல் நோன்பு, 3-ல் பிளஸ் டூ தேர்வு. உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள், எல்லோரும் முழு நோன்பு வைக்க மாட்டார்கள். வைக்கிற பிள்ளையை விளையாட்டுப் பீரியடில் நிழலில் ஸ்கோர் எழுத உட்கார வையுங்கள். மதிய உணவு மணியடிக்கும்போது ‘நோன்பு இருக்கிறவங்க கை தூக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வைக்காத பிள்ளைக்கு அது அவமானம், வைத்த பிள்ளைக்குப் பெருமை. இரண்டையும் பள்ளி கொடுக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் நூலக அலமாரியைத் திறந்து விடுங்கள். வர வேண்டியவர்கள் தானாக வருவார்கள். அந்த மாதம் என் பள்ளியில் கதைப் புத்தகம் எடுக்கிற பிள்ளைகள் கூடுவார்கள், அதில் நோன்பில்லாத பிள்ளைகளும் இருப்பார்கள்.

இதெல்லாம் முஸ்லிம் பிள்ளைகளுக்கான தனிச் சலுகை என்று யாராவது கிளப்பினால் புரட்டாசி மாதத்து முட்டைத் தட்டைக் காட்டுங்கள். சத்துணவில் அந்த மாதம் எத்தனை முட்டை திரும்பும் என்று உங்கள் அமைப்பாளருக்குத் தெரியும். நாம் யாரையாவது சாப்பிடு என்று அதட்டியிருக்கிறோமா? கார்த்திகையில் மாலை போட்ட பையன் கறுப்பு வேட்டியோடு, செருப்பில்லாமல் வருகிறான். சீருடை எங்கே என்று கேட்பதை 48 நாள் ஒத்திப் போடுகிறோம். தவக்காலத்தில் கறி முட்டை தொடாத பிள்ளையும் உண்டு. பள்ளி இத்தனை காலமும் விட்டுக்கொடுத்துத்தான் வந்திருக்கிறது. விட்டுக்கொடுப்பது பெரும்பான்மைப் பிள்ளைக்கானால் நம் கண்ணுக்கே தெரியாது.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரும். நம் ஊர்களில் திருவிழா என்றால் மதத்துக்கு முன்னால் சாதி வந்து நிற்கும். ஊர்ப் பெரிய கோயில் தேருக்கு மத்தியானமே பள்ளியை விட்டுவிடுகிறோம். காலனி மாரியம்மனுக்குத் தீமிதி என்று அந்தத் தெருப் பிள்ளைகள் வராவிட்டால் ‘இதுகளுக்கு வேற வேலையில்லை’ என்கிறோம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் அறையிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்று நாள் விதியை எழுதும்போது ‘நேர்ச்சை’, ‘குலதெய்வம்’ என்ற சொற்களை விடாமல் போடச் சொன்னது அதனால்தான். ‘பண்டிகை’ என்று மட்டும் எழுதினால் பெரிய கோயிலோடு நின்றுவிடும். கையில் கட்டும் கயிறு இதில் இன்னொரு தலைவலி. 2023-ல் நாங்குநேரியில் சாதியின் பேரில் மாணவர்களே சக மாணவனை வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையுமே பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் காப்புக் கட்டிய மஞ்சள் கயிறு எது, சாதிக் கயிறு எது என்று கத்தரிக்கோலோடு நிற்கும்போது உங்களுக்குக் குழப்பம் வரும். பிள்ளையைக் கேட்காதீர்கள், தாயைக் கூப்பிட்டுக் கேளுங்கள். திருவிழா முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவார்கள். அப்புறமும் கழற்றாத கயிறு எதுவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பொங்கலை வையுங்கள். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். கடலோரத்தில் எத்தனையோ சர்ச் வாசலிலேயே பொங்கல் பொங்குகிறது. கோலம், கரும்பு, பானை, உறியடி, கயிறு இழுத்தல் எல்லாம் இருக்கட்டும். பொங்கியதும் தட்டில் வைத்துச் சூரியனுக்குச் சூடம் காட்டுவது மட்டும் வேண்டாம். பானை பொங்கும்போது பிள்ளைகள் போடுகிற கூச்சலே போதும். அப்படியும் ஒரு தகப்பன் ‘எம் பிள்ளை வேண்டாம்’ என்றால் சரி என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை கயிறு இழுக்கலாம் இல்லையா? வேப்பமரத்தடிக்கு மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். நிகழ்ச்சியில் ஒரு பகுதி ஒருவருக்கு ஆகாது என்றால், முதலில் அந்தப் பகுதியை எடுக்க முடியுமா என்று பாருங்கள். பிள்ளையை எடுப்பது அப்புறம்.

கிறிஸ்துமஸும் அப்படித்தான். கேக் வெட்டலாம், ஸ்டார் கட்டலாம், பாதர் வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கலாம். ஜெபம் வேண்டாம், மிட்டாயோடு சேர்த்துக் கைப்பிரதி வேண்டாம். யார் வந்து மைக் பிடித்தாலும், என்ன பேசப் போகிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். 2024-ல் சென்னை அரசுப் பள்ளிகளில் ஒருவர் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்து பூர்வஜென்ம பாவம் பேசினார். பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேட்டார். பேசினவர் கைதானார், தலைமையாசிரியர்களுக்கு இடமாறுதல் வந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் திடீரென்று மேஜையில் போட வேண்டாம். அதற்கு முன் மூன்று வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். சபைக்குப் போகிற அந்தத் தந்தையிடம், நீங்கள் கேட்டது நியாயம்தான், இந்த வருடம் சூடம் இருக்காது, பிள்ளையைச் சுத்தம் செய்யவும் பொரிக்கும் அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். ‘நடப்பதே வேறு’ என்றவர் வீட்டுக்கும் போகத்தான் வேண்டும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தன் கையைவிட்டு ஏதோ போகிறது என்று நினைக்கிறார். பொங்கல் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பானை, விறகு, கரும்பு எல்லாம் அவர் தலையில். என் அனுபவத்தில் கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்தான் விறகு உடைக்கவும் முதலில் வருவார். உங்கள் சாமியைப் பற்றிக் கேட்டால், வீட்டில் கும்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நானும் வீட்டில்தான் கும்பிட்டேன்.

மூன்றாவது, ‘சரி டீச்சர்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் வீடு. அங்கே விளக்கம் எதுவும் வேண்டாம், தேநீர் கொடுத்தால் குடியுங்கள். விதி மாறுகிறது, இந்த வருடக் கணக்கையும் மறுபடி பார்க்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சிவராத்திரிக்கு மறுநாள், தீமிதிக்கு மறுநாள், சாம்பல் புதன் என்று ஒரே ஒரு ஆப்சென்டில் பரிசை விட்ட பிள்ளைகள் அதில் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் அதே டிபன் பாக்ஸோ டம்ளரோ வாங்கி, காலைக் கூட்டத்தில் பெயர் வாசித்துக் கொடுங்கள். வரிசையில் அவள் ஒருத்தியாக நிற்க மாட்டாள்.